என் காறை எலும்பை உடைத்த நவ்ஷாத் நானா

நவ்ஷாத் நானா மவுத்தாகிவிட்டார். காலையில் ஹோட்டல் கிச்சனில் இருந்து போன், ஆள் போய்விட்டார் என்று... நம்பவே முடியவில்லை.

விடியும்போதே நெஞ்சு பிடிக்கிறது என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். வயிற்றில் கேஸ்தான் என்று இஞ்சி பிளேன்டி குடித்துவிட்டுப் படுத்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று மகள் கெஞ்சியும் கேட்கவில்லையாம்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது. என் ஒரு எலும்புக்காக ஒவ்வொரு கிளினிக்குக்கும் கூடவே வந்து உட்கார்ந்த மனுஷன் இவர்!

தெரியாதவர்களுக்காக... சீகிரியாவில் நான் வேலை செய்யும் ஹோட்டலில் அவர் குக், நான் ஹவுஸ்கீப்பிங். மூத்தவர், அண்ணன் என்ற முறையில் நானா என்று கூப்பிடுவேன். ஹோட்டல்களுக்கு இடையில் நடக்கும் ஸ்போர்ட்ஸ் மீட்டில் இரண்டு பேரும் ரிலே ஓடுவோம். இரண்டாவது ஆள் அவர், மூன்றாவது நான்.

ஒரு மீட்டில் பேட்டன் கொடுக்க வந்தவர் அப்படியே என் முதுகில் வந்து மோதினார். நான் கீழே, அவர் எனக்கு மேலே... வலப்பக்கக் காறை எலும்பு உடைந்துவிட்டது.

ஒரு ஸாரி? ம்ஹூம். "நீ லேட்டாத்தானே ஸ்டார்ட் எடுத்த குமாரு?" அவ்வளவுதான். அவர் "கை!" என்று குரல் கொடுக்கவே இல்லை என்று நான் சொல்ல, கொடுத்தேன் என்று அவர் சொல்ல... கடைசிவரை அந்தச் சண்டை தீரவில்லை.

கிளினிக்கில் நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கேட்பார். "டொக்டர், இவன் எப்ப ஓடலாம்? கையப் பின்னுக்கு நீட்ட ஏலுமா?"

நீங்கள் யார், அண்ணனா என்று டொக்டர் கேட்டார். "இல்ல டொக்டர், நான்தான் ஒடச்சது." என்னிடம் ஒருநாளும் ஒத்துக்கொள்ளாததை அங்கே பெருமையாகச் சொன்னார்!

எலும்பு பொருந்தியது. பயிற்சிக்குத் திரும்பினேன். கையை வீசி ஓடுவதுகூடப் பழகிவிட்டது. ஆனால் பின்னால் காலடிச் சத்தம் கேட்டாலே கழுத்து தானாகத் திரும்பிவிடும்.

ரிலேயில் பேட்டன் வாங்கும்போது திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றால் வேகம் போச்சு. இப்படியே இருந்தால் வேறு ஆளைப் போடுவோம் என்று கேப்டன் சொல்லிவிட்டார். எனக்கு அந்த ஓட்டத்தை விட்டால் ஹோட்டலில் வேறு சந்தோஷம் இல்லை.

அதற்கு நானா கண்டுபிடித்த வைத்தியம் இருக்கிறதே... நான் டவல்களைச் சுமந்துகொண்டு காரிடாரில் போவேன். பின்னாலிருந்து "கை!" என்று ஒரு சத்தம். ஒரு கேரட்டைக் கொண்டுவந்து என் கையில் திணிப்பார்.

"நானா, கெஸ்ட் பாக்குறாங்க, விடுங்க!"

"பாக்கட்டும். நீ திரும்பாத."

அகப்பை, டோர்ச், சுருட்டிய மெனு கார்ட்... எது கிடைத்தாலும். பொறுக்கமுடியாமல் மேனேஜரிடம் கம்ப்ளெய்ன் பண்ணினேன். அடுத்த நாள் மேனேஜரே பின்னால் வந்து "கை!" என்று ஒரு பேனாவை வைத்தார். பிறகு செக்யூரிட்டி, டிரைவர்... ஹோட்டலில் எல்லாருக்கும் அதுதான் பொழுதுபோக்கு.

அடுத்த மீட்டில் நான் திரும்பவில்லை. "கை!" என்ற சத்தம் கேட்டதும் ஓட ஆரம்பித்து, கையைப் பின்னால் நீட்டினேன். பேட்டன் உள்ளங்கையில் வந்து நின்றது.

நாலாவதாகத்தான் வந்தோம். ஆனாலும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, நானாவைக் கட்டிப்பிடிக்கப் போனேன்.

"கை கொஞ்சம் கீழ ஈந்திச்சி குமாரு. நாளைக்குப் பழகுவம்."

நாளைக்காம்! இந்த மனிதரோடு ஒரு நிமிஷம் நிம்மதியாக இருக்க முடியாது. அவ்வளவு பிடிவாதத்தில் கொஞ்சத்தைத் தன் நெஞ்சுக்கும் வைத்திருக்கக்கூடாதா?

லீவு சொல்லிவிட்டு அவருடைய ஊருக்கு, உக்குவளைக்குப் போனேன். ஜனாஸாவைத் தூக்கும்போது, நமக்கு முஸ்லிம் முறை தெரியாதே என்று ஓரமாக நின்றேன். அவருடைய தம்பி என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். "நீங்களும் புடிங்க."

ஆள் மாறி ஆள் சந்தூக்குப் பெட்டிக்குத் தோள் கொடுத்துக்கொண்டே அடக்கம் செய்ய மையவாடிக்குப் போகிறார்கள். எனக்கும் இடம் விட்டார்கள், தோளில் வாங்கிக்கொண்டேன்.

கொஞ்ச தூரம் போனதும் பின்னால் ஒருவர், "தாங்க, இனி நான் புடிக்கிறேன்" என்றார். கேட்காத மாதிரி நடந்தேன்.

திரும்பவும் கேட்டார்... கொடுத்துவிட்டேன்.

போய் வாங்க நானா.