எப்படிச் சாகும் என்று கேட்டவள்

நாரணாபுரத்துப் பாண்டிச்செல்விக்குப் பட்டாசு ஆலை ரூமுக்குள் திரும்பக் கால் வைக்க மனசில்லை. அதற்காகத்தான் தட்டுத்தடுமாறிப் பட்டாசு லேபிள் டிசைன் கற்றுக்கொண்டாள். ஒற்றை அறை வீட்டில் தையல் மிஷின் மேலேயே அடங்கும்படி சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றும் வாங்கினாள். சீசன் நேரமாகப் பார்த்து, அதன் உள்ளே இருந்து கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். டப்பென்று வெடித்தது. தான் போனதோடு நிற்காமல் போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்தே கொண்டுபோனது. இன்னொரு தடவை லேபிள் தாமதமானால் ஆர்டர் கிடையாது என்று அச்சகத்தில் சொல்லிவிட்டார்கள். அப்புறம் பட்டாசு ரூம்தான் கதி.

சிவகாசிக் கம்ப்யூட்டர் கடையில் கடைக்காரர் சரவணக்குமார் புது எஸ்.எம்.பி.எஸ். இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று பெரிசு, அட்டையில் தீ கக்கும் சிங்கம், அறுநூறு வாட். கம்ப்யூட்டர் பெட்டி மூடியைக் கழற்றிப் போட்டால்தான் அடங்கும். இன்னொன்று கைக்கடக்கமான கறுப்பு டப்பா, முந்நூறு வாட், விலை மட்டும் கூட.

கணவன் முனியராஜ் சிங்கத்தைத் தூக்கினான். "அம்புட்டுப் பவரு, விலையும் கம்மி. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போன மாதம்தான் சுண்டுவிரல் தண்டி வெடிக்கு லேபிளில் ஒரு புலி வரைந்து கொடுத்திருந்தாள்.

"அண்ணாச்சி, இது செத்தா எப்படிச் சாகும்?" என்று கேட்டாள்.

அவர் முழித்தார். வாட் கேட்பார்கள், வாரண்டி கேட்பார்கள். சாவைக் கேட்டவர் யாருமில்லை.

"தனியாப் போகுமா, பக்கத்துல இருக்கிறதையும் இழுத்துட்டுப் போகுமா?"

அவள் தங்கை பொன்னுத்தங்கம் வேலை பார்த்த பட்டாசு ரூமில் தீ பிடிக்கவில்லை. பிடித்தது பக்கத்து ரூமில். நடுவே காலியாக விடவேண்டிய இடத்தில் சரக்கைக் காயவைத்திருந்தார்கள். தீ அதன் வழியாக வந்தது. இதை அவள் கடையில் சொல்லவில்லை. அது தெரிந்த முனியராஜ் மட்டும் சிங்கத்தை மெதுவாகக் கீழே வைத்தான்.

சரவணக்குமார் கறுப்பு டப்பாவை அவள் பக்கம் தள்ளினார். "உங்க மிஷினுக்கு இதுவே தாராளம்மா. கரண்டு எகிறுனா தன்னைத்தானே அணைச்சுக்கிரும். அந்தச் சிங்கத்துக்கு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

ஆடிக் காற்றில் ஒரு மத்தியானம் தெருவில் கரண்டுக் கம்பிகள் உரசிக்கொண்டன. டியூப்லைட் பளிச்சென்று வெளுத்துக் கருகியது. திரை இருண்டது. சத்தமில்லை, புகையில்லை. பாண்டிச்செல்வி பெட்டி மேல் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். கரண்டு சீரானதும் பொத்தானை அமுக்கினாள். காலையில் வரைந்து வைத்த மயில் முழுசாக வந்து நின்றது.

"அதான் ஒண்ணும் ஆகலையே, எதுக்குப் புள்ள அழுகுற?" என்றான் முனியராஜ்.

"ஒண்ணும் ஆகலைல்ல, அதுக்குத்தான்" என்றாள். "அந்தப் பக்கத்து ரூமும் இப்படித் தன்னோடயே அணைஞ்சிருந்தா, பொன்னு இன்னிக்கு இருந்திருப்பா."