இடப்பக்கத்து பிரேக் லைட்

வாடகைக் கார் ஓடுறவனுக்குக் கார் பேருக்குத்தான் சொந்தம். மற்றபடி றோட்டில நிற்கிற எல்லாரும் அதுக்கு முதலாளிமார். சண்டை நடந்த தொண்ணூறுகளில திருகோணமலையில கார் வைச்சிருந்த சக பாவிகளே, உங்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. மற்றவை கேளுங்கோ.

என்னட்ட ஒரு பழைய மொறிஸ் மைனர் நிண்டது. லிங்கநகரிலயிருந்து ஒரு கந்தோர் ஆக்களைக் காலமை சீனன்குடாவுக்கு ஏத்திக்கொண்டு போய், பின்னேரம் திருப்பிக் கொண்டுவந்து விடுறதுதான் எனக்கிருந்த ஒரேயொரு நிரந்தர ஹயர். கந்தோர் இருக்கிறது அங்க படைக் காம்புக்குள்ள, கேற்றுக்குள்ள கார் போறதுக்கு பாஸ் வேணும். அந்தப் பாஸ் முடியிற கிழமையாப் பார்த்து இடப்பக்கத்து பிரேக் லைட் செத்துப்போச்சு. திங்கக்கிழமை காலமை கேற்றடியில காரைக் காட்டவேணும், எல்லா லைட்டும் எரியவேணும், இல்லாட்டிப் புதுப் பாஸ் இல்லை. பாஸ் இல்லாட்டி ஹயர் வேற ஆருக்கோ போயிடும், என்ர வீட்டில அடுப்பு எரியாது. கேவலம், பெருவிரல் அளவு பல்ப்! அதால நான் பட்ட பாட்டை நினைச்சா இண்டைக்கும் எனக்குப் பத்திக்கொண்டு வருது.

லைட்டுக்குள்ள என்ன?

லைட் செத்துப்போச்சு எண்டு சொன்னது பிழை. சாகடிச்சவங்கள். போற வழியில இருந்த சென்றிக்குப் புதுசா ஒரு ஆமிக்காரன் வந்திருந்தான். டிக்கியைத் திறந்து பார்க்கிறது, சீற்றைத் தூக்கிப் பார்க்கிறது எல்லாம் எங்களுக்குப் பழகினதுதான். இவன் அதெல்லாம் முடிச்சுப்போட்டுக் காருக்குப் பின்னால குந்தியிருந்து, பிரேக் லைட்டின்ர சிவப்பு மூடியைக் கழட்டச் சொல்லுவான். உள்ள நான் ஏதோ ஒளிச்சு வைச்சிருக்கிறனாம். எதை ஐயா ஒளிக்கிறது? அதுக்குள்ள ஒரு புளியங்கொட்டை வைக்க இடமில்லை!

ஒவ்வொரு நாளும் நான் கழட்டுவன், அவன் விரலை விட்டுத் தடவுவான், நான் பூட்டுவன். மூடியின்ர திருகாணித் தலை மழுங்கிப்போச்சு, றப்பர் கிழிஞ்சுபோச்சு, மழைத்தண்ணி இறங்கி உள்ளெல்லாம் கறள் பிடிச்சுப்போச்சு. கடைசியில ஒருநாள் அவன் தடவின தடவலில பல்ப் நொருங்கி அவன்ர விரலும் வெட்டுப்பட்டுது. பல்ப் என்னுடையது, பேச்சு விழுந்ததும் எனக்கு. பக்கத்தில நிண்ட மற்றவன் கொஞ்சம் தமிழ் தெரிஞ்சவன். அவன் எனக்குப் புத்தி சொன்னான்: “மாத்தயா, புது லைட் கொஞ்சம் நல்லது பாத்துப் போடுங்க. நாளைக்கும் கை போடணும்தானே.”

ஹனீபா நானாவின்ர கடை

சந்தைப் பக்கம் ஹனீபா நானாவுக்கு மோட்டார்ச் சாமான் கடை இருந்தது. மொறிசுக்குப் பின்லைட்டும் பிரேக் லைட்டும் ஒரே பல்ப்தான், உள்ள இரட்டை இழை. அது எல்லாக் கடையிலயும் கிடைக்காது. நானாவிட்ட இருந்தது. எனக்கு ரெண்டு தாங்கோ எண்டு கேட்டன். நாளைக்கும் அந்த விரல் வரும், எனக்குத் தெரியாதே?

நானாவின்ர முகம் மாறிப்போச்சு. றோட்டை எட்டிப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். அந்தக் காலத்தில வயர், பற்றறி, பல்ப் எண்டு வாயைத் திறந்தாலே குண்டு செய்யிறவனோ எண்டு ஆளை ஒரு மாதிரிப் பார்க்கிறதுதான் வழக்கம். ஆனா என்னை வருஷக்கணக்காத் தெரிஞ்ச மனுசன் அப்பிடிப் பார்த்தது எனக்குச் சுட்டுது. “என்ன நானா, என்னைத் தெரியாதோ உங்களுக்கு?” எண்டு கடை அதிரக் கத்திப்போட்டன். அவர் கோவிக்கேல்லை. ஒரு பல்ப்பை மட்டும் பேப்பரில சுத்தி என்ர கையில வைச்சார். “ஒண்டு வாங்கினா நீங்க டிரைவர், தம்பி. ரெண்டு வாங்கினா நான் சாட்சி சொல்லப் போகணும்.”

அமத்து, விடு

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வீட்டில வைச்சுப் பூட்டத் தொடங்கினன். கறளுக்கு மண்ணெண்ணெய் விட்டு, அரத்தாளால உரஞ்சி முடிக்கவே பொழுது பட்டுப்போச்சு. கரண்டும் நிண்டுபோச்சு. அந்த பல்ப்பின்ர அடிப் பித்தளையில ரெண்டு குமிழ் இருக்கும், ஒண்டு மேல, மற்றது கீழ. மாத்திப் போட்டா இறுகாது. எனக்கிருந்த ஆத்திரத்தில மாத்தி மாத்தித்தான் போட்டன். ஒருமாதிரிப் பூட்டிப்போட்டு, எரியுதோ எண்டு பார்க்க என்ர மனுசி யோகத்தை டிரைவர் சீற்றில இருத்தினன். அவ உலையை அடுப்பில விட்டுப்போட்டு வந்தவ. முதல் கிளச்சை அமத்தினா.

“அதில்லையப்பா, நடுவில இருக்கிறதை!” எண்டு கத்தினன். லைட் எரிஞ்சுது, உடனே நூந்துது. “விடு! அமத்து! விடு! அமத்து!” கார் முன்பக்கமா உள்ள விட்டபடி, பின்பக்கம் றோட்டைப் பார்த்து நிண்டது. ஊரே இருட்டு. எங்கட கேற்றடியில மட்டும் சிவப்பு லைட் நூந்து நூந்து எரிஞ்சு, முன்வீட்டு மதிலெல்லாம் சிவப்பு. அந்த நாளையில ஒரு விசரன்கூட இந்த வேலை செய்யமாட்டான். நான் செய்தனான்.

றோந்து வந்தவங்கள் கேற்றைத் தள்ளிக்கொண்டு உள்ள வந்திட்டாங்கள். “ஆருக்கு சிக்னல்?” துவக்கு என்ர நெஞ்சுக்கு நேர. கையை உயர்த்தினன், கையில ஆணி திருகின திருப்புளி. காலமை சீனன்குடாவில கார் காட்டவேணும் எண்டு எனக்குத் தெரிஞ்ச பாசை எல்லாத்திலயும் சொன்னன். அவங்கட பெரியவர் யோகத்தைத் திரும்ப அமத்தச் சொல்லி, தானே குந்தியிருந்து பார்த்தார். நல்லா எரிஞ்சுது. எரிஞ்ச பல்ப்பைக் கழட்டிப் பொக்கற்றுக்குள்ள போட்டார். சோதிக்கவேணுமாம், காலமை சீனன்குடாக் காம்புக்கு அனுப்பிவிடுவாராம், அங்க எடுக்கட்டாம்.

அவங்கள் போய்க் கனநேரமாகியும் யோகம் பிரேக்கிலயிருந்து காலை எடுக்கேல்லை. பிறகு இறங்கி வந்து, அவங்கள் போன பக்கத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துப்போட்டுச் சொன்னா: “சிக்னல் குடுக்கிறவன் இப்பிடி ஊர் முழுக்கக் கேக்கக் கத்துவானே? அதுகூட விளங்காததுகள்!”

கேற்றடியில

திங்கக்கிழமை காலமை வழமையான ஆக்களை ஏத்திக்கொண்டு சீனன்குடாக் கேற்றடிக்குப் போனன். பிரேக் லைட் எரியேல்லை, கார் உள்ள போக ஏலாது எண்டான் கேற்றில நிண்டவன். பல்ப் உள்ளதான் இருக்கு எண்டன். அப்ப உள்ள போய் எடுங்கோவாம். சரி, நடந்து போறன். ஏலாது, பாஸ் காருக்குத்தானாம், எனக்கில்லையாம். கார் போகவும் ஏலாது, நான் போகவும் ஏலாது, பல்ப் வரவும் ஏலாது! நான் பொனற்றில ஓங்கி ஒரு அடி அடிச்சன். காரில வந்த கிளாக்கர் செல்லையா என்ர சேட்டுக் கையைப் பிடிச்சு இழுத்தார். அவருக்குக் கந்தோருக்குப் பிந்துற பயம்.

பின்சீற்றில இருந்த டைப்பிஸ்ற் புனிதம் மிஸ் இறங்கி, தன்ர கந்தோர்ப் பாஸைக் காட்டிப்போட்டு உள்ள நடந்தா. வெயில் ஏறுது. வேற கார்கள் எங்களைத் தாண்டிப் போகுது. நான் மனதுக்குள்ள பேசாத தூஷணமில்லை. ஒருமாதிரி மிஸ் திரும்பி வந்தா, கைலேஞ்சிக்குள்ள சுத்தின பல்ப். நான் அவசரத்தில பூட்ட, பல்ப் வழுக்குது. அவ பக்கத்தில குனிஞ்சு சொன்னா: “ஆறுதலாப் பூட்டுங்கோ அண்ணை. இதை வாங்கிறதுக்கு என்ர பேர், அப்பான்ர பேர், அப்பப்பான்ர பேர் எல்லாம் சொல்லிப்போட்டு வாறன். திரும்பச் சொல்ல என்னால ஏலாது.”

புது ஓடர்

செல்லையர் பிரேக்கை அமத்தினார். எரிஞ்சுது. பாஸ் குடுக்கிற ஐயா குடையோட வந்து, அமத்தச் சொல்லி, விடச் சொல்லி, திரும்ப அமத்தச் சொல்லிப் பார்த்தார். புதுப் பாஸைத் தந்தார். எனக்கு அழுகையே வந்திட்டுது, பொய் சொல்லேல்லை. அப்பதான் அவர், இண்டைக்குத் தொடக்கம் புது ஓடர் ஒண்டு இருக்கு எண்டார். இந்தக் கேற்றுக்கும் உள் கேற்றுக்கும் நடுவில ஒரு வாகனமும் நிற்கக்கூடாதாம். மாடு குறுக்க வந்தா என்ன செய்யிறது ஐயா எண்டு கேட்டன். அவர் காவல் கோபுரத்தைக் கையால காட்டி, பிள்ளைக்குச் சொல்லுற மாதிரி ஆறுதலாச் சொன்னார்: “மாடு வந்தாலும் பிரேக் போடவேண்டாம். நிண்டா, மேல இருக்கிற ஆள் சுடும்.”

ஆகவே சக பாவிகளே, நிற்கவே கூடாத றோட்டில, நிற்கப்போறன் எண்டு காட்டுற லைட்டை நல்ல வடிவாப் பூட்டிக்கொண்டுதான் நான் சண்டைக் காலம் முழுக்கக் கார் ஓடிப் பிழைச்சனான்.