பத்து வருடமா, நாற்பது வருடமா

கடலோர நிலவரத்தை ஆராய அமைத்த குழுவில் ஸ்டெனோவாக இருந்த அந்த அம்மாள், மூன்று வருடமாகக் குறிப்பெடுத்து வந்தாள். கூட்டத்துக்குக் கூட்டம் இரண்டு நிபுணர்கள் மல்லுக்கு நிற்பார்கள். துருவத்துப் பனி உருகுகிறது, புகையைக் கக்கிய நாம்தான் காரணம், பத்தே வருடத்தில் கடலோரத் தெருக்கள் போய்விடும் என்பார் தாடிக்காரர். பனி கூடுவதும் குறைவதும் எந்தக் காலத்திலும் உள்ளதுதான், எப்படியும் நாற்பது வருடம் தாங்கும் என்பார் கண்ணாடிக்காரர். இருவர் வாதத்தையும் அவள் தலைகீழாக ஒப்பிப்பாள். வாயைத் திறக்கத்தான் அனுமதி இல்லை.

அவள் வீடு கடலிலிருந்து மூன்றாவது வரிசை. முன்னால் இருந்த இரண்டு வரிசை போயாயிற்று. பக்கவாதத்தில் படுத்துவிட்ட கணவரின் கட்டிலை, தண்ணீர் வந்தால் எட்டாதபடி, செங்கல் வைத்து உயர்த்தியிருந்தாள். சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னைக்கு யாரு ஜெயிச்சா?" என்பார் அவர். போன மழையில் தண்ணீர் வாசல்வரை வந்த பிறகு அந்தக் கேலியும் நின்றுபோனது.

அன்று பதினொரு மணிக்கு, கூட்டத்தின் நடுவே, பக்கத்து வீட்டுக்காரி போன் செய்தாள். தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது, கதவைத் தள்ள முடியவில்லை, ஜன்னல் வழியே பார்த்தால் கட்டிலைத் தொடப்போகிறது என்றாள். அம்மாள் குழுத் தலைவரிடம் போய், வீட்டுக்குப் போக அனுமதி கேட்டாள். இந்தப் பகுதி முடியட்டும் என்றார் அவர், நிமிர்ந்தும் பாராமல். கடல் மட்டம் ஏறுவது வருடத்துக்கு நாலு மில்லிமீட்டரா ஐந்தா என்று கண்ணாடிக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு வரி எழுதினாள். எழுந்து நின்றாள்.

"ஐயா, நாலா அஞ்சான்னு நீங்க பொறுமையா முடிவு பண்ணுங்க. என் வீட்டுக்காரர் எழுந்திரிக்க முடியாதவர். கட்டில் வரைக்கும் தண்ணி வந்துடுச்சு."

தலைவர் தொண்டையைச் செருமினார். அதைக் குறிப்பில் சேர்க்க வேண்டாம் என்றார்.

நோட்டைப் போட்டது போட்டபடி ஓடினாள். தெருமுனைக்கு மேல் பஸ் போகவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நடந்தாள். அதற்குள் அக்கம்பக்கத்தார் ஜன்னலை உடைத்து அவரைத் தூக்கிப்போய்ப் பள்ளிக்கூட மாடியில் கிடத்தியிருந்தார்கள். உயிர் இருந்தது. உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. இருந்த கொஞ்சப் பேச்சும் குழறியது. மறுநாள் வீட்டின் கடல் பக்கத்துச் சுவர் கடலோடு போயிற்று.

பள்ளியில் ஒரு வாரம்தான் தங்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஐந்தாம் நாள் அலுவலகம் போனாள். போதிய தகவல் இல்லை என்று கூட்டத்தை ஆறு மாதம் தள்ளிவைத்திருந்தார்கள். படிக்கட்டில் எதிர்ப்பட்ட தாடிக்காரர் நடந்ததையெல்லாம் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். தான் கணக்கிட்டதைவிட வேகமாக வருகிறதே என்றார்.

"நீங்க சொன்னதுதான் சரின்னே வெச்சுக்குவோம். அவரைத் தூக்கிட்டு நான் எங்க போறது?"

அவர் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "அது என் துறை இல்லம்மா" என்றார், கேட்டும் கேளாத குரலில்.

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.