கீழ் வீட்டில் முதலில் விழும் விக்கெட்

எங்கள் வீட்டுக்கு இன்டர்நெட் வழியாக டிவி வந்ததில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேபிளே போதும் என்று கடைசி வரை சொன்னவள் நான். மழை தூறினால் படம் புள்ளி புள்ளியாகும், காற்றடித்தால் ஒயர் எதிர்வீட்டு முருங்கையில் மாட்டிக்கொள்ளும், எல்லாம் உண்மைதான். ஆனால் கேபிள்காரரைக் கூப்பிட்டு நாலு வார்த்தை திட்டலாம். திட்டினால் மறுநாள் ஏணியோடு ஆள் வரும். இந்த வசதி வேறு எதில் இருக்கிறது?

என் வீட்டுக்காரருக்கு அதெல்லாம் ஏறவில்லை. காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அவர் எலெக்ட்ரீஷியன். நானும் அதே எஸ்டேட்டில், ரப்பர் வாஷர் செய்யும் ஒரு சின்ன யூனிட்டில் செக்கிங். கும்மிடிப்பூண்டியில் இருந்த அவருடைய சிநேகிதர் வீட்டில் ஒரே கம்பியில் போன், இன்டர்நெட், டிவி மூன்றும் வருவதைப் பார்த்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து சாப்பிடும்போதும் அதே பேச்சு. “ஒயரு ஒண்ணு, வேல மூணு. உனுக்குப் புரியாது” என்பார். எனக்குப் புரிந்தது. ஒயர் ஒன்று என்றால் அது போனால் மூன்றும் போகும்.

திருவள்ளூரில் அந்தச் சேவை வந்ததும் முதல் வேலையாக எழுதிக் கொடுத்தார். ஒரு நாள் காலையில் ஆள் வந்து மோடத்தை வைத்து, டிவிக்குக் கீழே இன்னொரு பெட்டியை வைத்து, போனுக்கும் இன்டர்நெட்டுக்கும் வழியைப் பிரிக்கிற ஒரு சின்ன டப்பியைச் சுவரில் மாட்டிவிட்டுப் போனார். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. அதை நான் ஒத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் அத்தோடு விட்டிருக்கலாம். எலெக்ட்ரீஷியன் அல்லவா, சும்மா இருப்பாரா? சமையலறையிலும் எனக்கு ஒரு போன் இருக்கட்டும் என்று அந்த டப்பிக்கு முன்னாலேயே ஒயரை வெட்டி இன்னொரு போனை இழுத்தார். அன்றிலிருந்து போன் மணி அடித்தால் டிவி நின்றுவிடும். கதாநாயகி அழ வாயைத் திறந்தபடி அப்படியே இருப்பாள், நான் பேசி முடித்துப் போனை வைக்கும் வரைக்கும். “லைன்ல கோளாறு” என்பார் இவர். தன் வேலையில் கோளாறு என்று அவர் வாயிலிருந்து நான் இன்றுவரை கேட்டதில்லை.

பெரிய கோளாறு கிரிக்கெட் ஆரம்பித்ததும் தெரிந்தது. நாங்கள் மாடி. கீழ் வீட்டில் எஸ்டேட்டில் வேலை செய்யும் தெற்கத்திப் பையன்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து தங்கியிருந்தார்கள். அவர்களுக்குப் பழைய கேபிள்தான். இன்டர்நெட்டில் வரும் படம் கொஞ்சம் பின்தங்கித்தான் வருமாம். எங்கள் டிவியில் பந்துவீச்சாளர் ஓடத் தொடங்கும்போதே கீழே ‘ஓ’ என்று கத்தி முடித்திருப்பார்கள். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் அந்தப் பந்தைப் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? இவர் இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் செய்து கேட்டார். பெட்டியை அணைத்துப் போடச் சொன்னார்கள். அணைத்துப் போட்டார். கீழே அடுத்த சிக்ஸருக்குக் கத்தினார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் நைனா வந்தார். எங்கள் ஊர்ப் பக்கம் அப்பாவை நைனா என்போம். பொதட்டூர்பேட்டையில் அரிசி மில் வைத்திருந்தவர். மிஷின் சத்தத்திலேயே வாழ்ந்து காது மந்தமாகிவிட்டது. வலது காதோரம் போய்க் கத்தினால்தான் கேட்கும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். கண்ணிலும் புரை விழுந்து, திருவள்ளூரில் ஆபரேஷன் என்று ஆனது. அம்மா இல்லை, அண்ணன் மஸ்கட்டில். என் வீட்டை விட்டால் அவருக்கு வேறு போக்கிடம் இல்லை. இல்லாவிட்டால் வந்திருக்க மாட்டார்.

ஏன் என்றால், எங்களுடையது காதல் கல்யாணம். நாங்கள் கோயிலுக்குப் போகிறவர்கள், இவர் வீட்டார் சர்ச்சுக்குப் போகிறவர்கள். இவர் அப்பா காலம் வரை அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்த குடும்பம். நைனா சண்டை போடவில்லை, சபிக்கவில்லை. இவரோடு பேசவில்லை, அவ்வளவுதான். மூன்று வருஷம் அப்படியே போயிற்று. எங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் அதேதான். இவர் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பார். நைனா என்னைப் பார்த்து, “அவரு சாப்டாரான்னு கேளு” என்பார். நான் திரும்பி, “சாப்டீங்களான்னு கேக்குறாரு” என்பேன். இவர், “சாப்டேன்னு சொல்லு” என்பார். ஒரு வீட்டில் இரண்டு ஆண்களுக்கு நடுவில் தபால்காரி வேலை பார்ப்பது எவ்வளவு பேஜாரு என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். நைனா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இவரை மாப்ள என்று வாய் நிறையக் கூப்பிட வேண்டும். அவர் வாயில் அந்தச் சொல் வரவே வராது. ‘அவரு’ என்பார். ரொம்ப நெருக்கிக் கேட்டால் ‘உங்க ஊட்டுக்காரரு’ என்பார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இவருக்கு அப்போது செகண்ட் ஷிப்ட். காலையில் நான் வேலைக்குப் போய்விடுவதால் கண்ணுக்குச் சொட்டு மருந்து இவர்தான் விட வேண்டும். நைனா தலையைப் பின்னால் சாய்த்து, தன் கண்ணை இவர் கையில் கொடுத்துவிட்டு, வாயை மட்டும் இறுக மூடிக்கொள்வாராம். மருந்து விழுந்ததும், “ஆச்சா” என்று விட்டத்தைப் பார்த்துக் கேட்பாராம். “ஆச்சு மாமா” என்பாராம் இவர். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. இதைச் சொல்லும்போது இவர் சிரிப்பார். எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

டிவி பார்க்கலாம் என்று டாக்டர் சொன்ன ஞாயிற்றுக்கிழமையே இந்தியா ஆடும் ஒருநாள் தொடர் ஆரம்பித்தது. நைனாவுக்குக் கிரிக்கெட் என்றால் உயிர். மில்லில் டிரான்சிஸ்டரைத் தூணில் கட்டிவைத்து, காதை அதன்மேல் ஒட்டிக்கொண்டு கேட்டவர். கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டிவிக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். இவர் பின்னால் தள்ளி, சுவரோரம்.

கீழே கத்தினார்கள். இவர் வெறுத்துப்போய், “போச்சு, ஃபோரு” என்றார், பக்கத்தில் நின்ற என்னிடம்தான். டிவியில் பந்து வந்தது, ஃபோர் போனது. நைனா தலையைக் கொஞ்சம் திருப்பினார். சற்று நேரத்தில் கீழே ஒருவன் ஆத்திரத்தில் கதவை உதைத்தான். “அவுட்டு” என்றார் இவர். டிவியில் ஸ்டம்ப் பறந்தது. இப்போது நைனா முழுசாகத் திரும்பி, எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த சுவரைப் பார்த்து, “அடுத்தது இன்னா?” என்றார்.

நான் பழக்க தோஷத்தில், “அடுத்தது இன்னான்னு நைனா கேக்குறாரு” என்றேன்.

“எனுக்கே கேட்டுச்சு” என்றார் இவர். கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு இருந்துவிட்டு, “ஒண்ணியும் இல்ல மாமா. தடுத்துருவாரு” என்றார். தடுத்துவிட்டார்.

மூன்று வருஷத்தில் நைனா நேராக இவரிடம் கேட்ட முதல் கேள்வி அது. நான் சமையலறைக்குள் போய்ச் சும்மா ஒரு பாத்திரத்தைக் கழுவினேன். கால் தரையில் நிற்கவில்லை எனக்கு.

சாப்பாட்டுக்கு அப்புறம் இவர் மெல்ல என் பக்கம் வந்து, “சொல்லிரட்டா? பாவம், என்னை நம்பிகினு கீறாரு” என்றார். “வாயத் தொறந்தீங்கனா உங்களுக்கு இந்த ஊட்ல சோறு கிடையாது” என்றேன். எப்படியோ பேசுகிறார்களே, அது போதும் எனக்கு.

அதற்கப்புறம் இவர் வீட்டில் இருந்த ஒவ்வொரு ஆட்டத்திலும் இதே கதை. இவர் தேர்ந்துவிட்டார். சின்னக் கத்தல் என்றால் ஃபோர், விசில் வந்தால் சிக்ஸர், தட்டைத் தட்டினால் எதிரணி விக்கெட். ஒரு நாள் கீழே தண்ணீர் மோட்டாருக்காகப் பையன்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள். அதைக் கேட்டுவிட்டு இவர், “போச்சு மாமா, அவுட்டு” என்று சொல்ல, டிவியில் பந்து தேமே என்று கீப்பரிடம் போனது. நைனா, “பரவால்ல, எல்லா நேரமும் சரியா வராது” என்றார். இவரைத் தேற்றினார் நைனா. நான் காதால் கேட்டேன்.

உச்சம் எது என்றால், அண்ணன் மஸ்கட்டிலிருந்து போன் செய்த நாள். கடைசி ஓவர். ஜெயிக்க நாலே ரன். பந்துவீச்சாளர் ஓடி வருகிறார், சமையலறையில் போன் அடிக்கிறது, டிவி நிற்கிறது. பந்துவீச்சாளர் ஒரு காலைத் தூக்கியபடி அந்தரத்தில். நைனா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, “இன்னா ஆச்சு, இன்னா ஆச்சு?” என்கிறார். கீழே வீடே இடிந்துவிழும்படி சத்தம், விசில், தட்டு, எல்லாம். இவர் எழுந்து நின்று, “ஃபோரு மாமா. ஜெயிச்சிட்டோம்” என்றார். நான் அண்ணனிடம், “அப்பறம் பேசுண்ணா” என்று போனை வைத்தேன். படம் ஓடியது, ஃபோர் போனதை மறுபடி காட்டினார்கள். நைனா இவர் தோளைத் தட்டினார். தட்டிவிட்டு, கை தெரியாமல் போய்விட்டது போலச் சட்டென்று எடுத்துக்கொண்டார். ஆனாலும் மாப்ள என்ற சொல் வரவில்லை. நான் காத்திருந்தேன்.

தொடரின் கடைசி ஆட்டம் ஆயுத பூஜை விடுமுறையில் வந்தது. காலையில் பால் வாங்கக் கீழே போன இவர் முகம் வெளுத்துத் திரும்பி வந்தார்.

“பசங்க ஊட்டைப் பூட்டிகினு ஊருக்குப் போய்ட்டானுங்க.”

“போனா போறாங்க. பண்டிகைதான?”

“மேட்ச்சு?” என்றார்.

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. டிவி ரிப்பேர் என்று சொல்லிவிடலாமா என்றார். மருந்து விட்டதும் தூங்க வைத்துவிடலாமா என்றார். நைனா அதற்குள் குளித்து, நாஷ்டா முடித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டார். பின்னால் சுவரோரம் இருந்த இவருடைய நாற்காலியையும் அன்றைக்கு அவரே இழுத்துத் தன் பக்கத்தில் போட்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் பகீர் என்றது. இன்றோடு எல்லாம் போச்சு, இந்தக் கிழவருக்குத் தன்னை ஏமாற்றினார்கள் என்று தெரிந்தால் இந்த ஜென்மத்தில் இவரை ஏறெடுத்துப் பார்க்க மாட்டார் என்று பயந்தேன்.

ஆட்டம் ஆரம்பித்தது. கீழே ஒரு சத்தம் இல்லை.

“அடுத்தது இன்னா?” என்றார் நைனா.

“தெரியல மாமா.”

ஃபோர் போனது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். “சரியா புடிபடல மாமா” என்றார் இவர். அந்தப் பந்தில் விக்கெட் விழுந்தது. நான் பூஜைப் பொரியும் கடலையும் போட்ட தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே போவதா வெளியே வருவதா என்று தெரியாமல் சமையலறை வாசற்படியில் நின்றேன்.

நைனா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். “கீழூட்டுப் பசங்க ஊர்ல இல்லியா மாப்ள?” என்றார்.

மாட்டிக்கொண்ட பயத்தில் இவருக்கு அந்தச் சொல் காதில் விழவே இல்லை. எனக்கு விழுந்தது.

“உங்களுக்குத் தெரியுமா மாமா?”

“அத்தினி பேரு கத்துனா செவிடனுக்கும் கேக்கும். தரையே அதிருது.”

“எப்பலருந்து தெரியும்?”

“மொத நாள்லருந்து.”

“அப்பறம் இன்னாத்துக்கு என்னாண்ட கேட்டுகினே இருந்தீங்க?”

நைனா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இப்போதுதான் தெளிவாகத் தெரிய ஆரம்பித்த கண். “மூணு வருஷம் பேசாத இருந்துட்டேன் மாப்ள. திடீர்னு இன்னான்னு ஆரம்பிக்கிறது? நீங்களா எதையோ சொன்னீங்க. நான் புடிச்சிகினேன்” என்றார்.

பொரித் தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டு உள்ளே போய் அழுதேன். சந்தோஷத்தில்தான். ஹாலில் இவர் குரல், “ஃபோரு மாமா” என்றது. “அவுட்டு மாப்ள, பாருங்க” என்றது நைனாவின் குரல். முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். இரண்டும் இல்லை, பந்து வைடு. அம்பயர் கொடுத்தது தப்பு என்று ஒருவரும் சரி என்று ஒருவருமாக, தெருவுக்கே கேட்கும்படி இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.