சாவடித் தூக்கம்

அந்த நாளில் உசிலம்பட்டிப் பக்கம் ஆம்பிளையாகப் பிறந்து மீசை முளைத்துவிட்டால் போதும், களவெடுத்தானோ இல்லையோ, பிறவித் திருடன் என்று முத்திரை குத்தி வெள்ளைக்காரனின் ரேகைச் சட்டம் வந்து கட்டைவிரலைப் பிடித்துக்கொள்ளும். பொழுது சாய்ந்ததும் ஊர்ச் சாவடிக்குப் போய், போலீஸ் ஏட்டு பேர் கூப்பிட்டதும் “இருக்கேன் சாமி” என்று சொல்லிவிட்டு, விடியும்வரை அங்கேயே படுத்துக்கிடக்க வேண்டும். கட்டின பெண்டாட்டி வீட்டில், புருஷன் சாவடியில்! இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல?

முத்திருளனுக்கு அது பொறுக்கவில்லை. கல்யாணம் முடிந்த சூட்டோடு, நாற்பதாம் வருஷம், மதுரைக்குப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். “அங்கிட்டு எவனும் என்னைய ராத்திரி எண்ண மாட்டான்டி” என்று பெண்டாட்டி அன்னக்கொடியிடம் சொல்லிவிட்டுத்தான் ரயிலேறினான். விதி கேட்டுச் சிரித்திருக்கும். சிங்கப்பூரில் ஜப்பான்காரனிடம் பிடிபட்டான். மூன்றரை வருஷம் முள்வேலிக்குள் காலையும் மாலையும் வரிசையில் நிறுத்தி எண்ணினார்கள். ஒரு தலை குறைந்தால் மிச்சப் பேருக்கு அடி. கூடப் போனவர்கள் காய்ச்சலிலும் பட்டினியிலும் வரிசை வரிசையாகச் செத்தார்கள்.

ஊரில் இவனும் செத்தான் என்றே முடிவுகட்டிவிட்டார்கள். வேறு ஒருத்தனுக்குக் கழுத்தை நீட்டச் சொல்லி அன்னக்கொடியை அவள் ஆத்தாளே நச்சரித்தாள். “பொணத்தைக் கண்ணால பாத்துட்டுத் தாலியக் கழட்டுறேன்” என்று இவள் ஒரே போடாகப் போட்டாள். நாற்பத்தாறில் எலும்பும் தோலுமாக அவன் வந்து நின்றபோது அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

வந்த மறுநாளே ஏட்டு ஆள் அனுப்பினார். பட்டாளத்துக்காரனாவது மண்ணாவது, ரேகை ரேகைதான்! அன்னக்கொடி தெருவில் இறங்கி மண்ணை வாரித் தூற்றினாள். முத்திருளனோ துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாவடிக்கு நடந்தான். பாவம், வேறு வழியில்லாமல் போகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வருஷம் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். ஊரே கொட்டடித்து ஆடியது. அன்னக்கொடி சேவலை அடித்துக் குழம்பு வைத்து, புதுப் பாய் வாங்கி விரித்தாள். சாப்பிட்டுக் கை கழுவியவன் துண்டை எடுத்தான்.

“எங்க கெளம்பிட்டீக?”

“சாவடிக்கு.”

“சட்டந்தேன் போயிருச்சே மச்சான்! அங்க இனி எவன் இருக்கான்?”

“சும்மா ஒரு எட்டு பாத்துட்டு வாரேன்.”

விடிந்துதான் வந்தான். மறுநாளும் அப்படியே. அவள் பின்னாலேயே போய்ப் பார்த்தாள். ஆளில்லாத சாவடியில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்துகொண்டிருந்தான். இழுத்து வந்து வீட்டில் படுக்கவைத்தால் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தான். கண் உள்ளே போய்விட்டது. சோறு இறங்கவில்லை. ஜப்பான்காரனிடம் தப்பித்து வந்த உசிரு வீட்டு முற்றத்தில் போய்விடுமோ என்று அவள் பயந்தாள்.

“நான் என்ன கொறை வச்சேன், சொல்லுங்க!” என்று ஒருநாள் வெடித்து அழுதாள்.

“ஒன்னையச் சொல்லல அன்னக்கொடி. எவனாச்சும் பேரச் சொல்லி எண்ணிட்டாத்தேன் இன்னைக்குச் சாகலைன்னு மனசு நம்புது. கூப்புடலைன்னா, செத்தவங்கெ கூட என்னையும் கழிச்சுட்டாங்கெளோன்னு ஒடம்பு நடுங்குது. தூக்கம் எங்கிட்டு வரும்?”

அவள் பக்கத்து வீட்டுத் தவசியிடம் ஓடினாள். அவனும் சாவடியில் கிடந்தவன்தான். “அண்ணே, ராத்திரிக்கு ஒருவாட்டி வந்து அவுக பேரக் கூப்புடுங்கண்ணே.”

“அந்தச் சனியன் தொலைஞ்சு பத்து நாளாகல, அதுக்குள்ள என்னைய ஏட்டு வேலை பாக்கச் சொல்றியா? போ தாயி!”

திரும்பி வந்தாள். வேறு யார் இருக்கிறார்கள்? புருஷன் பேரைப் பெண்டாட்டி சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது அவள் பால்குடியிலிருந்து கேட்டு வளர்ந்தது. அவன் காணாமல் போன வருஷங்களில், கோயிலில் பூசாரி யார் பேருக்கு அர்ச்சனை என்று கேட்டபோதுகூடப் பக்கத்தில் நின்றவளைச் சொல்லவைத்தவள் அவள்.

அன்று இரவு அவன் துண்டை எடுக்கும்போது வாசலை மறித்து நின்றாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏட்டைப் போலவே அதட்டினாள்.

“முத்திருளன்!”

அவன் விறைத்து நின்றான். பிறகு மெதுவாக, “இருக்கேன்” என்றான்.

பாயில் போய் விழுந்தவன் குறட்டைவிட்டுத் தூங்கினான். அன்னக்கொடி விளக்கை அணைக்கவில்லை. விடியும்வரை அவன் மூக்கருகே புறங்கையை வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.