பிள்ளைக்கு எந்தச் சாஸ்தா

ஏட்டி வாயாடி, கேட்டுக்கிட்டு இரு. உன்னைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். நீ இருந்த வரைக்கும் நான் எதையும் முழுசாகச் சொல்லி முடித்ததில்லை. நடுவில் புகுந்து, "அப்படி இல்லலே, நான் சொல்லுதேன்" என்று பிடுங்கிக்கொள்வாய். கட்டின புருஷனை 'லே' போட்டுக் கூப்பிட்ட பெண் எங்கள் தெருவில் நீ ஒருத்திதான். இப்போது பிடுங்க ஆள் இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

நான் களக்காட்டிலிருந்து வள்ளியூர் சந்தைக்கு வாழைத்தார் ஏற்றிப் போகும் லோடு ஆட்டோக்காரன். என் வாயாடி வள்ளியூரில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்த்தாள். அவள் வீட்டுக்கு என்னைப் பிடிக்கவில்லை. ஒரு முருகன் கோவிலில் வைத்து மஞ்சள் கயிறு கட்டினேன். கல்யாணத்துக்கு ஒரே ஒரு போட்டோதான், என் கூட்டாளி போனில் எடுத்தது. அதில் நான் முழித்துக்கொண்டு நிற்கிறேன், அவள் கண்ணை மூடியிருக்கிறாள். கல்யாணத்தைப் பதிவு செய்ய அவளுடைய பள்ளிச் சான்றிதழைக் கேட்டார்கள். அது அவள் அப்பாவின் பீரோவில் இருந்தது. "பிள்ளை பிறந்தா அதுவே போய் எடுத்துட்டு வந்துரும்" என்றாள். பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டோம்.

ஏழாம் மாதம் ஆனதும் மாமியார் மனசு கேட்காமல் வந்து, தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று அவளைக் கூட்டிப் போனார். மாமனார் மட்டும் என்னோடு பேசவில்லை. நான் பார்க்கப் போகும்போதெல்லாம் மீசையைத் தடவிக்கொண்டு என் வண்டி டயரையே பார்ப்பார். டயர் தேய்ந்திருக்கிறது என்று அவளிடம் சொல்லி, அவள் என்னிடம் சொல்லுவாள். எங்களுக்குள் பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

பெண் பிறந்தது. பெற்றவளுக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. போய்விட்டாள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வராது.

பதினாறாம் நாள் விசேஷம் எல்லாம் முடிந்து பிள்ளையைத் தூக்கப் போனேன். மாமனார் வாசலை மறித்துக்கொண்டு, யாருடைய பிள்ளை என்று என் வண்டி டயரிடம் கேட்டார். பிறகுதான் தெரிந்தது, பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் போடும் இடத்தை அவர் காலியாக விடச் சொல்லியிருந்தார். என் மகள் காகிதத்தில் அப்பன் இல்லாதவள்.

அப்போதும் நான் சண்டைக்குப் போகவில்லை. மகளைப் பறிகொடுத்தவர், ஆறட்டும் என்றிருந்தேன். ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினேன். வார்டு வாசலில், பிள்ளைக்கு என்ன உறவு என்று கேட்டார்கள். அப்பா என்றேன். உள்ளே இருந்த மாமனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். பிள்ளை அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. நல்ல தொண்டை. அம்மாவைப் போலவே.

மறுநாள் பாளையங்கோட்டையில் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தேன்.

"நீங்கதான் அப்பான்னு உங்களுக்குத் தெரியும், உங்க மாமனாருக்கும் தெரியும் தம்பி. கோர்ட்டுக்குத் தெரியணும்லா" என்றார்.

நான்தான் தகப்பன் என்று தீர்ப்பு வர வேண்டும். வந்தால்தான் சான்றிதழில் பெயர் ஏறும். பிள்ளையை வளர்க்க, ஊசி போடக் கூட்டிப் போக, பள்ளியில் சேர்க்க எல்லாவற்றுக்கும் அதுதான் சாவி என்று விளக்கினார். வழக்குப் போட்டோம். கல்யாணம் நடந்தது என்பதற்கு அந்தக் கண் மூடின போட்டோவைக் காட்டினோம். மாமனார் பக்கத்து வக்கீல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது தெரியுமா என்று கேட்டார். உனக்குக் கேட்டிருந்தால் அந்த ஆளைச் சும்மா விட்டிருக்க மாட்டாய்.

இரத்தப் பரிசோதனைக்கு உத்தரவானது. எனக்கும் பிள்ளைக்கும் இரத்தம் எடுத்து அனுப்பினார்கள். முடிவு வர மாதக்கணக்கானது. காத்திருந்து காத்திருந்து எனக்கே என் மேல் சந்தேகம் வர ஆரம்பித்துவிட்டது.

அதற்குள் பங்குனி உத்திரம் வந்தது. எங்கள் பக்கம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் காவல் தெய்வமாக ஒரு சாஸ்தா உண்டு. அது தகப்பன் வழியில் வருவது. வேலைக்கு எந்த ஊருக்குப் போனவனும் அன்றைக்குத் தன் சாஸ்தா கோவிலுக்கு வந்துவிடுவான். பிள்ளைக்கு முதல் முடி எடுப்பதும் அந்தச் சாஸ்தா முன்னால்தான். எங்கள் சாஸ்தா ஒரு குளத்தங்கரையில் இருக்கிறார். எங்கள் குடும்பம் எப்போதும் உச்சி வெயிலில்தான் போய்ச் சேரும். அந்த வருஷம் பொங்கல் பானையையும் விறகையும் இறக்குவதற்காக நான் மட்டும் விடிந்ததும் போய்விட்டேன்.

மருத மரத்தடியில் முடி எடுக்கிற இடத்தில் ஒரு பிள்ளை கத்திக்கொண்டிருந்தது. தொண்டையை வைத்தே அடையாளம் தெரிந்தது. மாமனார் மடியில் என் மகள். பாதித் தலை மொட்டை, பாதித் தலை முடி. பக்கத்தில் மாமியார் தேங்காய்ப் பழத் தட்டோடு. கோர்ட்டில் என்னைப் பிள்ளைக்கு யாருமே இல்லை என்று சொல்லிவிட்டு, முடியை மட்டும் என் சாஸ்தாவுக்குக் கொடுக்க விடிகாலையில் வந்திருக்கிறார்கள்.

"இங்கன என்ன மாமா?"

"சும்மா, காத்தாட வந்தோம்" என்றார் மாமனார். வாழ்க்கையில் அவர் என்னோடு நேராகப் பேசிய முதல் பேச்சு.

பிள்ளைக்கும் நல்லாக் காத்துப்படும் என்று நான் பாதி மொட்டையைக் காட்டினேன். முடி எடுக்கிற அண்ணாச்சிக்கு எங்கள் வழக்கு எதுவும் தெரியாது. பிள்ளை தலையை ஆட்டுகிறதே, கத்தி பட்டுவிடுமே என்ற கவலைதான் அவருக்கு. "பிள்ளைக்கு அப்பன் யாருவே? வந்து தலையைப் பிடியும்" என்று அதட்டினார்.

மாமனார் மீசையைத் தடவினார். நானும் நகரவில்லை. மாமியார்தான் தட்டைக் கீழே வைத்தார்.

"ஏய்யா, நீ வந்து பிடி" என்றார்.

பிடித்தேன். உள்ளங்கைக்குள் அடங்குகிற தலை, சூடாக இருந்தது. பிறந்ததிலிருந்து அன்றைக்குத்தான் அவளைத் தொட்டேன். மீதி முடியும் இறங்கியது. மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டே ரகசியம் போலச் சொன்னார். அடிக்கடி காய்ச்சல் வருகிறது, சாஸ்தாவுக்கு இன்னும் பிள்ளையைக் காட்டவில்லை என்று பயந்து போனாராம். தம் வீட்டுச் சாஸ்தாவிடம் போகலாம் என்றுதான் மாமனார் முதலில் சொல்லியிருக்கிறார். கொண்டுபோனால் அந்தச் சாமியே திருப்பி அனுப்பிவிடும் என்று மாமியார் ஒரே பிடியாக நின்றிருக்கிறார்.

அடுத்த வாய்தாவில் வக்கீலம்மா மாமனாரிடம், பிள்ளைக்கு எங்கே முடி இறக்கினீர்கள் என்று கேட்டார். அவர் இடத்தைச் சொன்னார். அது உங்கள் சாஸ்தாவா என்று கேட்டார். மாமனார் மனுஷனிடம் என்ன வேண்டுமானாலும் சொல்லுவார், சாமி விஷயத்தில் பொய் சொல்ல மாட்டார். மீசைக்குப் போன கையை இறக்கினார். பிறகு தாடையால் என்னைக் காட்டினார்.

"அவங்க வீட்டுச் சாஸ்தா" என்றார்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதிபதியும் நம்ம ஊர்ப் பக்கத்துக்காரர்தான் போல, உதட்டை மடித்துக்கொண்டார். ஆனாலும் சாஸ்தா பேச்சை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது, பரிசோதனை முடிவு வரட்டும் என்று தள்ளிவைத்தார். முடிவும் வந்தது. இரத்தமும் அதையேதான் சொன்னது. நான்தான் தகப்பன் என்று தீர்ப்பானது. சான்றிதழில் என் பெயர் ஏறியது. பிள்ளை என்னோடு இருக்க வேண்டும், தாத்தாவும் ஆச்சியும் ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று உத்தரவு. மாமனார் மேல் கோர்ட்டுக்குப் போகவில்லை.

பிள்ளையைக் கூட்டிவரப் போன அன்று அவரே அவளைத் தூக்கிக்கொண்டு வந்து என் வண்டியின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கொடுப்பார் என்று கையை நீட்டினேன். கொடுக்கவில்லை.

"இவ போயிட்டா வீட்டுல சத்தமே இருக்காதுலே" என்றார்.

என் வீட்டிலும் நீ போன பிறகு சத்தம் இல்லை. அது அவருக்குத் தோன்றவில்லை, எனக்கும் அந்த வேளை வரைக்கும் அவர் வீட்டைப் பற்றித் தோன்றவில்லை.

"இறங்காதீங்க மாமா. அப்படியே வாங்க, நான் பைய ஓட்டுதேன்" என்றேன்.

வழி முழுக்க அவருக்கு என் கிளட்ச் சரியில்லை, பிரேக் சரியில்லை, வளைவில் ஹாரன் அடிக்கவில்லை. வந்தவர் நாலு நாள் தங்கிவிட்டுத்தான் போனார். ஞாயிற்றுக்கிழமை என்று கோர்ட்டு சொன்னதை நாங்கள் யாரும் நினைப்பில் வைத்துக்கொள்ளவில்லை. தோன்றும்போது அவர் வருகிறார், தோன்றும்போது நாங்கள் போகிறோம். பிள்ளைக்கு இப்போது பேச்சு வந்துவிட்டது. இரண்டு வீட்டிலும் வேறு யாரையும் பேசவிடுவதில்லை.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் விளக்கேற்றும்போது அவளுக்காகவும் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள். போன இடத்தில் அவளுக்கு வலி எதுவும் இருக்கக் கூடாது. அவள் பேசுவதைப் பொறுமையாகக் கேட்க, பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும்.