எக்ஸ்ரேயில வெட்டின சீனத்துப் பண்டிதர்

மிமிக்ரி தொழில்ல குரல் அடுத்தவனுது, கைதட்டல் மட்டும் நம்முது. மைக்கப் புடிச்சு வயித்தக் கழுவுற என் சக பாவிகளே, இப்ப அதுக்கும் ஆப்பு வந்துடுச்சு. எந்த நடிகர் குரல் வேணும்னாலும் போனே பேசுது. நான் என்ன பண்ணேன்? போனுக்குத் தெரியாத ஆளாப் பாத்துப் புடிச்சேன். சீனத்துப் பேய்.

தர்மபுரியில ஒரு வாசகர் வட்டம். மாசம் ஒரு நாட்டு இலக்கியம் பேசுவாங்க. சீனா வந்தப்ப, குரல் மாத்திக் கதை சொல்ல என்னைக் கூப்பிட்டாங்க. லைப்ரரியில தமிழ்ல கெடச்ச பழைய சீனக் கதையெல்லாம் படிச்சேன். நம்மூர்ப் பேய் மரத்துல உக்காந்து மெரட்டும். அவங்க பேய் கதவத் தட்டி, டீ குடிச்சி, கவிதை எழுதிட்டுப் போவுது. பரீட்சையில தேறாம செத்த பண்டிதர் ஒருத்தர், செத்தப்புறமும் படிக்கிறாரு. படிக்கிறப்ப சிரிப்பு வந்துச்சு. புத்தகத்த மூடுனப்புறம்தான் முதுகு சில்லுன்னுச்சு.

கழுதைக்கு எங்க போறது

சீனாவுல கழுதைத் தோல மெல்லிசா சீவி, சாயம் பூசி, பொம்மையா வெட்டி நிழலாட்டம் காட்டுவாங்களாம். பாப்பாரப்பட்டியில டெய்லர் கடை வெச்சிருக்கிற பாஷா பாய் என் கூட்டாளி. நான் குரல், அவரு பொம்மை, தாளம் ரெண்டும். பழைய பேப்பர் கடையில பழைய எக்ஸ்ரே பிலிம் ஒரு கட்டு வாங்கி, பேரு இருக்கிற மூலையக் கத்தரிச்சுப் போட்டுட்டு, பண்டிதர், பொண்டாட்டி, நீதிபதின்னு வெட்டித் தள்ளிட்டாரு.

பண்டிதருக்குச் செவப்பு அங்கி. பின்னால லைட்டப் போட்டா, அங்கிக்குள்ள நெஜ மனுசனோட விலா எலும்பு தெரியுது. தோள்பட்டையில ஒரு பிளேட்டு, ஆறு ஸ்க்ரூ, அதுல ஒண்ணு கோணல். "பாய், இது யாரோட எலும்போ"ன்னேன். பாய் ஊசியில நூல் கோத்துக்கிட்டே சொன்னாரு: "லைனிங் வெச்சு தெச்சாப்புல இருக்குதில்ல, வுடுங்க வாத்தியாரே."

கழட்டாத தலை

ஆட்டம் முடிஞ்சா பொம்மையோட தலையக் கழட்டித் தனியா வைக்கணும்னு அங்க ஒரு வழக்கம். சேத்து வெச்சா பெட்டிக்குள்ள அதுங்களா எழுந்து நடக்குமாம். பாய் இத ஒழுங்கா கடைபிடிப்பாரு. எனக்குத்தான் குசும்பு சும்மா இருக்காதே. வாசகர் வட்டத்துல ஆட்டம் புடிச்சுப்போயி, ஊர் ஊராக் கூப்பிட ஆரம்பிச்சிருந்தாங்க. தீர்த்தமலை ஆட்டம் முடிஞ்சு பெட்டி கட்டுறப்ப, பண்டிதர் தலைய மட்டும் கழட்டாம, எல்லாத்துக்கும் அடியில வெச்சேன்.

மறுநாள் காலையில கடையில பெட்டியத் தொறந்தா, பண்டிதர் மேல இருக்காரு. பாய் பண்றாருன்னு நெனச்சுச் சிரிச்சேன். பாய் சிரிக்கல. பொம்மையோட கழுத்தத் தடவிப் பாத்துட்டுச் சொன்னாரு: "நான் வலப்பக்கம் பாக்கத் தெச்ச கழுத்துங்க இது, இப்ப இடப்பக்கம் பாக்குது."

முன் வரிசை

சீனாவுல பேய்களுக்குன்னே ஒரு மாசம் உண்டாம்; அப்ப நாடகம் போட்டா, முன் வரிசைய காலியா வுடுவாங்க. அது செத்தவங்க உக்கார்ற எடம். பொம்மிடியில ஒரு பள்ளிக்கூட ஹால்ல, மத்தியானம் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி ஆட்டம் போட்டோம். நானும் முன் வரிசைய காலியா வுட்டேன்.

முடிஞ்சதும் ஒரு அம்மா திரைக்குப் பின்னால வந்தாங்க. பேரு சரோஜா, ஐம்பது வயசிருக்கும். பண்டிதரக் கையில வாங்கி, அந்தக் கோணல் ஸ்க்ரூ மேல வெரல வெச்சாங்க. "இது எங்க வூட்டுக்காரருங்க. புளியமரத்துலருந்து வுழுந்தப்ப எடுத்த படம். பழைய பேப்பரோட தெரியாம போட்டுட்டேன்." பாயும் நானும் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாக்கல.

அவரு போன வருசம் சேலத்துல ஆஸ்பத்திரியில போயிட்டாராம். தொண்டையில குழாய், பேச்சு இல்ல. கடைசியா இவங்களப் பாத்து, கையால தள்ளித் தள்ளிக் காட்டுனாராம். முப்பது வருசம் கூட வாழ்ந்தவளப் போ போன்னு சொல்ல என்ன கோவம்னு, அன்னிலருந்து அவங்களுக்குத் தூக்கம் இல்ல. அவரு குரல்ல பேசச் சொல்லிக் கேட்டாங்க. கேக்காத குரல நான் எப்படிப் பண்றது? பாப்பாரப்பட்டியில அடுத்த வாரம் ஒரு ஆட்டம் பாக்கி, அது முடிஞ்சதும் பொம்மையத் தந்துடறோம்னேன். கெளம்புறப்ப கேட்டாங்க: "பொம்மையாச்சும் சொல்லாதுங்களா, ஏன் என்னைப் போன்னாருன்னு?"

ரெண்டு மூச்சு

பாப்பாரப்பட்டியில சரோஜாம்மா ரெண்டாவது வரிசை. அவங்களுக்கு முன்னால காலி நாற்காலி. கதையில பண்டிதர் செத்துப் போயி வூட்டுக்குத் திரும்பி வருவாரு. பொண்டாட்டி, "ஏன் வந்தீங்க?"ம்பா. நான் ரெண்டு மூச்சு நிறுத்திட்டு, "எழுதுற தூரிகைய மறந்துட்டேன்"ம்பேன். அந்த ரெண்டு மூச்சுதான் என் பொழப்பு. சிரிப்பு அங்கதான் வுழும்.

முதல் மூச்சு வுட்டேன். ரெண்டாவதுல, திரைக்கு அந்தப் பக்கம் யாரோ கரகரன்னு இருமுனாங்க. "ஆட்டுப்பட்டி படல சாத்துனியா, சரோசா?"

மைக் என் கையில. வாய் மூடியிருக்கு. சரோஜாம்மா வூட்ல ஆடு இருக்கு, பட்டிக்கு மூங்கில் தட்டியில படல் இருக்குன்னே எனக்குத் தெரியாது. பாய் தாளத்த வுட்டுட்டு, "யாரு குரல் வாத்தியாரே இது, அருமை"ன்னு என் காதுல சொல்றாரு. திரை ஓரமா எட்டிப் பாத்தா, சரோஜாம்மா காலி நாற்காலியப் பாத்து, தெனமும் சொல்ற மாதிரி, "சாத்திட்டேங்க"ன்னாங்க. ஜனம் இதுவும் நாடகம்னு நெனச்சு எழுந்து நின்னு தட்டுச்சு.

பொம்மையத் தலையோட சேத்தே மஞ்சப்பையில வெச்சுக் குடுத்தேன். கழட்ட எனக்குக் கை வரல. அவங்க அதோட அங்கிய நீவி வுட்டுட்டு, எனக்கில்ல, அதுக்குச் சொன்னாங்க: "அப்ப நீங்க என்னையத் தள்ளல, படலத்தான் தள்ளுனீங்க."

இருவது வருசத்துல நான் வாங்குனதுலயே பெரிய கைதட்டல், நான் வாயே தொறக்காத அந்த ரெண்டு மூச்சுக்குத்தாங்க.